கம்பளித் துணியில் மடிப்பு நிலைநிறுத்தமும் வெண்மையூட்டலும்: வேதியியல் அடிப்படையும் களியக்காவிளை வட்டாரப் பயன்பாட்டு நோக்கும்

ஆய்வுச் சுருக்கம்

கம்பளித் துணிக்கு நிலையான மடிப்பைத் தருவதும் அதன் இயல்பான மஞ்சள் சாயலை நீக்கி வெண்மையூட்டுவதும் துணிச் செய்நேர்த்தியின் இரு முதன்மைப் பணிகளாகும். இவை தனித்தனிப் பணிகளாகத் தோன்றினும், இரண்டும் கம்பளி இழையிலுள்ள கந்தகக் குறுக்குப் பிணைப்பையே சார்ந்துள்ளன. வெண்மையூட்டும் ஆக்சிசனேற்ற முறை மடிப்புக்குத் தடையாகவும், ஒடுக்க முறை மடிப்புக்குத் துணையாகவும் அமைவதை இக்கட்டுரை விளக்குகிறது. பருத்தி வேட்டிக்கும் முண்டுக்கும் பழகிய சலவை முறைகள் கம்பளிக்கு ஏன் பொருந்துவதில்லை என்பதும், ஈரப்பதம் மிகுந்த களியக்காவிளை வட்டாரத்தில் கம்பளி உடையின் மடிப்பு ஏன் விரைவில் குலைகிறது என்பதும் இவ்வடிப்படையில் ஆராயப்படுகின்றன.

குறிச்சொற்கள்: கம்பளி, கெரட்டின், செய்நேர்த்தி, மடிப்பு நிலைநிறுத்தம், வெளுத்தல், ஒளிர்வெண்மையூட்டி, களியக்காவிளை.

முன்னுரை

துணி தறியிலிருந்து இறங்கியவுடன் உடையாகிவிடுவதில்லை. அதனைக் கழுவி, வெளுத்து, பதப்படுத்தி, மடிப்பிட்டு உடுத்துவோர் கைக்குச் சேர்ப்பது வரையிலான பணிகளைச் செய்நேர்த்தி என்கிறோம். இப்பணி தமிழர்க்குப் புதிதன்று. புலைத்தி துணியைப் பசையில் தோய்த்து நீரில் அலசும் காட்சியைக் குறுந்தொகை 330ஆம் பாடல் உவமையாகக் கையாள்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் அறுவை வீதியைக் கூறுமிடத்து நூல், மயிர், பட்டு ஆகிய மூவகை இழைகளாலும் ஆன துணிகளைச் சுட்டுகிறது. ‘மடி’ என்னும் சொல் துணியையும் மடித்தலையும் ஒருங்கே குறிப்பது, மடிப்பு என்பது துணியின் தோற்றத்தோடு எத்துணை இணைந்தது என்பதைக் காட்டும்.

எனினும், நம் செய்நேர்த்தி அறிவு பெரும்பாலும் பருத்தியைச் சார்ந்து வளர்ந்தது. கம்பளியைப் பற்றிய வேதியியல் விளக்கங்கள் தமிழில் அரிதாகவே கிடைக்கின்றன. இதனால் ஏற்படுவது கலைச்சொல் குறைபாடு மட்டுமன்று. பருத்திக்குரிய சலவைப் பழக்கத்தைக் கம்பளிக்கும் பொருத்திப் பார்ப்பதால் விலையுயர்ந்த உடைகள் ஒரே சலவையில் பாழாகின்றன. அக்குறையைச் சிறிதளவேனும் போக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களியக்காவிளையும் கம்பளியும்

களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் இடத்திலுள்ள சந்தை ஊர். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்த விளவங்கோடு வட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது இவ்வூர் எல்லையூராயிற்று. இங்கிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் கைத்தறி முண்டுக்கும் நேரியதுக்கும் பெயர்பெற்ற பாலராமபுரமும், எதிர்த்திசையில் நாகர்கோவிலை ஒட்டி நெசவுக்குப் பெயர்பெற்ற வடசேரியும் உள்ளன. இரு புறமும் பருத்தி வெண்மையின் உலகம். கஞ்சியிட்டு, நீலம் போட்டு, தேய்ப்புப் பெட்டியால் மடிப்பெடுத்த வெள்ளை வேட்டியே இங்கு நேர்த்தியின் அளவுகோல்.

இவ்வட்டாரம் கம்பளி விளையும் நிலமன்று. தமிழகத்தில் மென்கம்பளி தரும் செம்மறி என்றால் நீலகிரி இனத்தையே குறிப்பிட வேண்டும். நீலகிரியின் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையமும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்தியச் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையமும் இத்துறையில் இயங்கி வருகின்றன. எனினும் கம்பளி உடை களியக்காவிளைக்கு வேறு வழிகளில் வந்து சேர்கிறது. கிறித்தவத் திருமணங்களில் மணமகன் அணியும் கோட்டு, குழித்துறை நீதிமன்றத்தில் வாதிடும் வழக்கறிஞரின் கறுப்பு மேலங்கி, வடஇந்தியக் குளிர்ப் பகுதிகளில் பணியாற்றித் திரும்பும் படைவீரர்களின் சீருடை, வெளிநாடுகளிலிருந்து வரும் சால்வை, போர்வை எனப் பலவற்றைச் சொல்லலாம். இவற்றுள் தூய கம்பளியும் உண்டு. பாலியெஸ்டர் கலந்தவையும் உண்டு. கம்பளி போலத் தோன்றும் செயற்கை இழைத் துணிகளும் உண்டு. இவை அனைத்தும் வேட்டியைத் தேய்க்கும் அதே மேசைக்கு வருவதுதான் சிக்கலின் தொடக்கம்.

கம்பளி இழையின் அமைப்பு

பருத்தி செல்லுலோசால் ஆனது. கம்பளி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நம் தலைமயிரும் நகமும் அதே கெரட்டினே. கம்பளியின் எடையில் சுமார் 3 முதல் 4 விழுக்காடு கந்தகம். இக்கந்தகத்தின் பெரும்பகுதி சிஸ்டின் என்னும் அமினோ அமிலத்தில் உள்ளது. அடுத்தடுத்துள்ள புரதச் சங்கிலிகளை இரு கந்தக அணுக்கள் கைகோத்து இணைக்கின்றன. இதனை டைசல்பைடு பிணைப்பு என்பர். இதனோடு நேர், எதிர் மின்னூட்டங்களுக்கிடையேயான உப்புப் பிணைப்பும், எண்ணிக்கையில் மிகுந்த ஐதரசன் பிணைப்பும் சங்கிலிகளைப் பிடித்து நிறுத்துகின்றன.

இம்மூவகைப் பிணைப்புகளின் வலிமை வேறுபடுகிறது. ஐதரசன் பிணைப்பு நீராலும் வெப்பத்தாலும் எளிதில் விடுபடும், உலர்ந்தால் மீளும். டைசல்பைடு பிணைப்பை வெறும் நீரால் எளிதில் அசைக்க முடியாது. அதனை அறுக்கக் கொதிநிலை, நீராவி அல்லது வேதிப்பொருள் தேவை. மடிப்பு தற்காலிகமானதா, நிலையானதா என்பதை முடிவுசெய்வது எந்தப் பிணைப்பு மாற்றியமைக்கப்பட்டது என்பதே.

இங்குத் தமிழின் சொல்வளம் நமக்குத் துணைநிற்கிறது. ஆங்கிலத்தில் ‘கிரீஸ்’ என்னும் ஒரே சொல் விரும்பி இடும் மடிப்பையும் விரும்பாமல் விழும் கசங்கலையும் குறிக்கும். தமிழில் மடிப்பு வேறு, கசங்கல் வேறு. மடிப்பை நிலைநிறுத்துவதும் கசங்கலை நீக்குவதும் இருவேறு செய்நேர்த்திகள் என்பதை நம் சொற்களே பிரித்துக் காட்டிவிடுகின்றன.

தற்காலிக மடிப்பும் ஈரப்பதமும்

தேய்ப்புப் பெட்டியின் சூட்டிலும் நீராவியிலும் கம்பளி இழை இளகுகிறது. இளகிய நிலையில் அழுத்தி, அப்படியே குளிரவிட்டால் ஐதரசன் பிணைப்புகள் புதிய வடிவத்தில் மீண்டும் அமைகின்றன. இழை இறுக்கத்திலிருந்து இளக்கத்திற்கு மாறும் வெப்பநிலையைக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்பர். முற்றிலும் உலர்ந்த கம்பளிக்கு இது சுமார் 170 பாகை செல்சியஸ். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காடாக உள்ளபோது இது 60 பாகையை ஒட்டி இறங்குகிறது. முழுதும் நனைந்த கம்பளிக்கோ உறைநிலைக்கும் கீழே சென்றுவிடுகிறது.

கம்பளி நீரை மிகுதியாக ஈர்க்கும் இழை. வணிக அளவீட்டில் பருத்திக்கு ஈரஈர்ப்பு 8.5 விழுக்காடு என்றால் கம்பளிக்கு 16 விழுக்காட்டுக்குக் குறையாது. செறிவுற்ற ஈரக்காற்றில் தன் உலர் எடையில் மூன்றில் ஒரு பங்களவு நீரை அது ஏற்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் கடலோரப் பகுதியான களியக்காவிளை வட்டாரத்தில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். ஈரப்பதம் ஏற ஏற, இழை இளகும் வெப்பநிலை உடல் வெப்பத்தை நோக்கி இறங்குகிறது. அதன்மேல் வியர்வையும் சேர்ந்தால், காலையில் தேய்த்த காற்சட்டையின் மடிப்பு பிற்பகலுக்குள் மழுங்குவதில் வியப்பில்லை. மழுங்குவது தேய்த்தவரின் குறையன்று. ஐதரசன் பிணைப்பின் இயல்பு.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறைக் குறிப்பு ஒன்றுண்டு. நீராவியிட்டு அழுத்திய மடிப்பைச் சூட்டோடு எடுத்து மாட்டுவதைவிட, மேசையிலேயே ஆறி ஈரம் நீங்கும்வரை அசைக்காமல் விடுவதே அதனை நெடுநேரம் காக்கும். மடிப்பு அமைவது சூட்டினால் மட்டுமன்று, ஆறுவதாலுமே.

நிலையான மடிப்பின் வேதியியல்

கம்பளியின் நிலைநிறுத்தத்தில் டைசல்பைடு பிணைப்பின் பங்கை 1930களில் இங்கிலாந்தின் லீட்சு பல்கலைக்கழகத்தில் ஆஸ்ட்பரி, ஸ்பீக்மன் ஆகியோர் மேற்கொண்ட ஆய்வுகள் வெளிப்படுத்தின. ஆஸ்ட்பரி ஊடுகதிர் வழியே கெரட்டின் சங்கிலிகளின் மடிந்த, நீண்ட நிலைகளை ஆராய்ந்தார். நீட்டிய இழை நீராவியில் தன் புதிய நீளத்தை நிலையாக ஏற்பதற்குக் கந்தகப் பிணைப்புகள் அறுந்து மீண்டும் அமைவதே காரணம் என்பதை ஸ்பீக்மன் விளக்கினார்.

இவ்வறிவைத் தையலகத்திற்குக் கொண்டுவந்தது ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனம். அங்கு ஆர்தர் ஃபார்ன்வொர்த் 1950களில் உருவாக்கிய ‘சிரோசெட்’ முறையில், அம்மோனியம் தயோகிளைக்கோலேட்டுக் கரைசலை மடிப்பு விழ வேண்டிய இடத்தில் தெளித்து, நீராவி அழுத்தியால் அழுத்தினர். பின்னர் அப்பொருளின் நெடி முதலிய குறைகளைக் கருதி சோடியம் பைசல்பைட்டும் எத்தனோலமைன் சல்பைட்டு வகைகளும் அதனிடத்தைப் பெற்றன.

இம்முறை மூன்று படிகளாக நிகழ்கிறது. முதலில் ஒடுக்கப் பொருள் டைசல்பைடு பிணைப்புகளில் ஒரு பகுதியை அறுத்துத் தயோல் தொகுதிகளை உண்டாக்குகிறது. அடுத்து, மடித்து அழுத்திய நிலையில் நீராவியின் வெப்பத்தால் சங்கிலிகள் நகர்கின்றன. விடுபட்ட தயோல் அருகிலுள்ள டைசல்பைடைத் தாக்கிப் பிணைப்புகளை இடம்மாற்றுகிறது. இறுதியாக, ஒடுக்கப் பொருள் நீங்கி, காற்றின் ஆக்சிசனாலோ கழுவுதலாலோ புதிய இடங்களில் பிணைப்புகள் மீண்டும் பூட்டப்படுகின்றன. கொதிநிலை கடந்தும் கார நிலையிலும் இரு கந்தகத்திற்குப் பதில் ஒரு கந்தகமே பாலமாக நிற்கும் லாந்தியோனின் பிணைப்பும் உருவாகலாம். அது மேலும் உறுதியானது. இவ்வாறு பெற்ற மடிப்பு 70 பாகை வெந்நீரில் ஊறவைத்தும் நீங்காதிருந்தால் அதனை நிலையான மடிப்பு என ஆய்வகங்கள் கொள்கின்றன.

இவ்வேதியியலை மாணவர்க்கு விளக்கத் தொலைவிலுள்ள ஆலையைத் தேட வேண்டியதில்லை. நம் ஊர்களின் அழகு நிலையங்களில் சுருள்முடியை நேராக்கப் பூசும் களிம்பில் பலவற்றின் அடிப்படை அம்மோனியம் தயோகிளைக்கோலேட்டே. முடியை நீட்டி நேராக்கியபின் பூசும் இரண்டாம் கரைசல் பெரும்பாலும் ஐதரசன் பெராக்சைடு. முதலாவது பூட்டைத் திறக்கிறது, இரண்டாவது பூட்டுகிறது. ஆட்டின் மயிரும் மனிதரின் மயிரும் ஒரே புரதத்தால் ஆனவை என்பதற்கு இதைவிட அண்மையான சான்று வேண்டியதில்லை.

பருத்தியில் இவ்வாறு நிகழாது. அதில் கந்தகப் பூட்டு இல்லை. எனவே பருத்திக்கு நிலையான வடிவம் தர, டைமெத்திலால் டைஐதராக்சி எத்திலீன் யூரியா போன்ற பிசினை ஊட்டிப் புதிதாகக் குறுக்குப் பிணைப்புகளை உருவாக்க வேண்டியுள்ளது. அதனால் துணியின் வலிமை குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது. ஃபார்மால்டிகைடு வெளியேறும் இடரும் உண்டு. அப்பொருளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென வகைப்படுத்தியது. கஞ்சியோ இழையைப் பிணைப்பதில்லை. மேலே படிந்து விறைப்பூட்டி, அடுத்த சலவையில் கரைந்துவிடுகிறது. பாலியெஸ்டரின் நிலை வேறு. அது வெப்பத்தால் மட்டுமே நிலைபெறும் இழை. கலப்புக் கம்பளியில் மடிப்பு நெடுநாள் நிற்பது பெரிதும் பாலியெஸ்டர்ப் பகுதியால்தான்.

வெண்மையூட்டும் வழிகள்

வெள்ளை ஆட்டின் கம்பளியும் முழு வெண்மையன்று. இளமஞ்சள் சாயல் கொண்டது. அதனை வெளுக்கும் மிகப் பழைய முறை கந்தகப் புகையூட்டல். மூடிய அறையில் ஈரக் கம்பளியைத் தொங்கவிட்டு, கந்தகத்தை எரித்து வரும் கந்தக டைஆக்சைடில் வெளுப்பர். கந்தகப் புகையூட்டுவதற்குத் துணியை விரிக்கும் கூண்டைத் தூக்கிச் செல்லும் பணியாளைப் பாம்பேயி நகரத்துச் சுவரோவியம் ஒன்று காட்டுகிறது. இம்முறையில் நிறப்பொருள் அழிவதில்லை, நிறமற்ற வடிவத்திற்கு மாறுகிறது. ஆகவே காலப்போக்கில் மஞ்சள் மீளும்.

இன்று பெருவழக்கிலிருப்பது ஐதரசன் பெராக்சைடு. பி.எச். 8 முதல் 9 வரையிலான மென்கார நிலையில், 50 முதல் 60 பாகை செல்சியசில், சோடியம் பைரோபாஸ்பேட்டு போன்ற நிலைப்படுத்தியுடன் சில மணி நேரம் ஊறவைப்பர். இது நிறப்பொருளை ஆக்சிசனேற்றி அழிப்பதால் வெண்மை நீடிக்கிறது. ஆனால் சிஸ்டினின் ஒரு பகுதியும் சிஸ்டெயிக் அமிலமாக மாறிவிடுகிறது. அவ்வாறு மாறிய கந்தகம் மீண்டும் பிணைப்பாவதில்லை. நீரில் இரும்போ செம்போ இருப்பின் பெராக்சைடு கட்டுப்பாடின்றிச் சிதைந்து இழையை மேலும் தாக்கும். ஆதலால் வெளுத்தலுக்கு நீரின் தூய்மை முதல் தேவையாகிறது.

ஒடுக்க முறையில் நிலைப்படுத்திய சோடியம் டைதயோனைட்டு அல்லது தயோயூரியா டைஆக்சைடு பயன்படுகிறது. உயர்ந்த வெண்மை வேண்டின் முதலில் பெராக்சைடு, அடுத்து ஒடுக்கப் பொருள் என இரண்டையும் தொடர்ந்து கையாள்வர்.

மூன்றாவது வழி ஒளிர்வெண்மையூட்டி. இது மஞ்சளை நீக்குவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத புறஊதா ஒளியை ஏற்று நீல ஒளியாக உமிழ்ந்து மஞ்சளை மறைக்கிறது. குதிரைக் கசுக்கொட்டை மரத்திலிருந்து பெற்ற எசுக்குலின் என்னும் பொருளுக்கு இத்தன்மை உண்டென்று பால் கிரைஸ் 1929இல் காட்டினார். நாம் வேட்டிக்கு இடும் நீலமும் மஞ்சளை மறைப்பதே. ஆனால் அது ஒளியை உமிழ்வதில்லை, மஞ்சள் ஒளியை விழுங்குகிறது. ஆதலால் நீலம் மிகுந்தால் துணி மங்கும். வெண்மையூட்டியால் துணி பளிச்சிடும்.

கம்பளியில் இப்பளிச்சிடலுக்கு விலை உண்டு. சூரிய ஒளியின் புறஊதாப் பகுதி கம்பளியிலுள்ள டிரிப்டோபன், டைரோசின் முதலிய அமினோ அமிலங்களைத் தாக்கி மஞ்சளாக்குகிறது. ஒளிர்வெண்மையூட்டி இடப்பட்ட கம்பளி, குறிப்பாக ஈரமாக இருக்கும்போது, வெண்மையூட்டாத கம்பளியைவிட விரைவாக மஞ்சளாகிறது. பருத்தி முண்டை நனைத்து உச்சிவெயிலில் உலர்த்துவது நம் வழக்கம். அதே கொடியில் வெண்கம்பளிச் சால்வையையும் உலர்த்தினால், வெண்மைக்காகச் செய்த செய்நேர்த்தியே அதன் மஞ்சளுக்குக் காரணமாகிவிடும்.

மடிப்பும் வெண்மையும்: ஒரே பிணைப்பின் இரு கோரிக்கைகள்

மேற்கூறியவற்றை ஒருங்கே நோக்கினால் ஒரு முரண் புலனாகிறது. மடிப்பை நிலைநிறுத்தத் தயோல் தொகுதிகள் தேவை. அவையே பிணைப்புகளை இடம்மாற்றுகின்றன. பெராக்சைடு தயோல்களை ஆக்சிசனேற்றி அகற்றிவிடுகிறது. கம்பளியைச் சாயமிடும்போது கொதிநீரில் வேண்டாத கசங்கல்கள் நிலைபெறாதிருக்கப் பெராக்சைடைச் சேர்க்கும் நடைமுறை இதன் பயனே. ஒடுக்கப் பொருளோ வெளுக்கவும் செய்கிறது, தயோல்களை உண்டாக்கி மடிப்புக்கும் வழிவகுக்கிறது.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வரிசைமுறை. பெராக்சைடால் வெளுப்பது முன்னரும், ஒடுக்கப் பொருளால் வெளுப்பது அதன் பின்னரும், மடிப்பிட்டு நீராவியில் அழுத்துவது இறுதியிலும் அமைய வேண்டும். மடிப்பிட்டபின் வெந்நீரில் பெராக்சைடிட்டு வெளுத்தால் நிலைபெறாத மடிப்புப் பகுதி நெகிழும். எஞ்சிய கந்தகப் பிணைப்பும் குறையும். இரண்டாவது, ஒடுக்கக் கரைசலில் துணி இருக்கும் நிலை. கயிறுபோல் திரண்டு கிடக்கும் துணி, அந்தத் திரட்சியின் கசங்கலையே நிலையாக ஏற்றுக்கொள்ளும். விரிந்த நிலையில் கையாண்டாலன்றி, நாம் விரும்பாத மடிப்பே நிலைபெறும்.

இரண்டின் சுமையையும் இழையே தாங்குகிறது. அச்சுமையை அளக்க ஆய்வகங்கள் காரக் கரைதிறன் சோதனையைக் கையாள்கின்றன. நீர்த்த சோடியம் ஐதராக்சைடில் 65 பாகையில் ஒரு மணி நேரம் வைத்து, எவ்வளவு கரைந்தது எனக் காண்பர். வெளுத்தல் மிகுந்தால் கரைதிறன் உயரும். யூரியா-பைசல்பைட்டுக் கரைதிறனோ, லாந்தியோனின் போன்ற உறுதியான பிணைப்புகள் கூடியிருந்தால் குறையும். இவ்விரு எண்களையும் ஒருங்கே படித்தால் துணி எவ்வகையில் பாதிக்கப்பட்டது என்பதை அறியலாம். வெண்மையை மட்டும் கண்ணால் மதிப்பிடுவோர்க்கு இச்சிதைவு தெரிவதில்லை. அது பின்னர் முழங்கையிலும் மடிப்பு விளிம்பிலும் நைந்து வெளிப்படும்.

பருத்திப் பழக்கமும் கம்பளியின் அழிவும்

பருத்தியை வெளுக்க வீடுகளில் வழங்கும் பொருள்கள் சலவைச் சோடாவும் வெளுப்புத்தூளும். இரண்டும் கம்பளிக்குப் பகை. கொதிக்கும் 5 விழுக்காட்டு எரிசோடாக் கரைசலில் கம்பளி சில நிமிடங்களில் முற்றிலும் கரைந்துவிடும், பருத்தி எஞ்சும். சலவைச் சோடா அத்துணைக் கடுமையானதன்றெனினும் அதே திசையில் செயல்படுகிறது. சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசலோ அறை வெப்பநிலையிலேயே கம்பளியைக் கரைக்கும். கலப்புத் துணியில் கம்பளியின் விழுக்காட்டைக் கண்டறிய ஆய்வகங்கள் பயன்படுத்துவதும் இவ்வியல்பையே. கறை போக்க ஊற்றிய வெளுப்புநீர், கறையோடு துணியையும் போக்கிவிடுவது இதனால்தான்.

எனவே துணியின் இனம் அறிவதே முதற்படி. தையலின் உட்புறத்திலிருந்து ஓரிழையைப் பிரித்து எரித்துப் பார்த்தால், கம்பளி மயிர் கருகும் மணத்தோடு எரிந்து விரலால் பொடியாகும் கரியைத் தரும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். பருத்தி தாள்போல் எரிந்து மென்சாம்பலாகும். கம்பளி எனத் தெரிந்தபின், காரமற்ற சோப்பு, வெதுவெதுப்பான நீர், நிழலில் உலர்த்தல், ஈரத்துணி விரித்து அதன்மேல் தேய்த்தல் ஆகியவையே போதும்.

கழிவுநீர்ப் பொறுப்பு

செய்நேர்த்தியின் விளைவு துணியோடு முடிவதில்லை. நொய்யல் ஆற்று மாசுபாடு தொடர்பான வழக்கில், கழிவுநீர் வெளியேற்றமில்லா நிலையை எட்டாத திருப்பூர்ச் சாய, சலவை ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 சனவரியில் ஆணையிட்டது தமிழகம் அறிந்தது. பெராக்சைடு சிதைந்தால் நீரும் ஆக்சிசனுமே எஞ்சும். சல்பைட்டு, டைதயோனைட்டு வகைகள் நீரிலுள்ள ஆக்சிசனை உறிஞ்சிக்கொள்வன. அமிலம் கலந்தால் கந்தக டைஆக்சைடை வெளியிடுவன. சிறு அளவில் இத்தொழிலைத் தொடங்க எண்ணுவோர் காற்றோட்டத்தையும் கழிவுநீர்த் தேக்கத்தையும் முதலீட்டின் பகுதியாகவே கருத வேண்டும்.

முடிவுரை

கம்பளியில் மடிப்பும் வெண்மையும் கந்தகப் பிணைப்பின் வழியே பெறப்படுவன. நீராவியால் மட்டும் பெற்ற மடிப்பு ஈரக்காற்றில் குலையும். ஒடுக்கப் பொருளால் பெற்றது நிலைக்கும். ஆக்சிசனேற்றத்தால் பெற்ற வெண்மை நீடிக்கும், ஆனால் பிணைப்பைக் குறைக்கும். ஒளிர்வெண்மையூட்டியால் பெற்றது வெயிலில் மஞ்சளாகும். இவற்றை அறிந்து வரிசைப்படுத்துவதே நல்ல செய்நேர்த்தி.

வெள்ளை வேட்டியின் மடிப்பை நன்கறிந்த வட்டாரம் களியக்காவிளை. அவ்வறிவு பருத்தியின் இயல்பிலிருந்து பிறந்தது. கம்பளிக்கு வேறோர் அறிவு வேண்டும். அவ்வறிவைத் தேய்ப்புக் கடைக்கும் தையலகத்திற்கும் தமிழில் கொண்டுசேர்ப்பது துணியியல் மாணவர்க்கும் தமிழ் ஆய்வாளர்க்கும் பொதுவான பணியாகும். இழைகளின் வேறுபாட்டை விளக்கும் எளிய கையேடும், செய்நேர்த்திக் கலைச்சொற்களின் தொகுப்பும் அடுத்து மேற்கொள்ளத்தக்கன.